குளத்து மீன்களின் நிறபேதம்



கோடை முற்றி, மடையின் அடியில் மட்டும் நீர் தேங்கி நிற்கும் நாட்களில் ஊர்க்குளத்தை அழித்து மீன் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக இருந்து வருகிறது. அப்படி வலையை இழுத்துக் கரையில் போடும் வேளையில், பழுப்பும் வெள்ளியுமாகத் துள்ளுகிற நூற்றுக்கணக்கான கெண்டைகளின் நடுவே ஒன்றே ஒன்று பொன்னிறமாகவோ, பால் வெண்மையாகவோ, முழுக் கறுப்பாகவோ தென்பட்டால், கூட்டம் முழுவதும் அதைச் சுற்றிக்கொள்கிறது. சிலர் அதைத் தெய்வாம்சம் பொருந்திய மீன் என்று மறுபடியும் நீரில் விடச் சொல்லுகிறார்கள்; சிலர் யாரோ குளத்தில் நஞ்சைக் கலந்துவிட்டார்கள் என்று அஞ்சுகிறார்கள்; வேறு சிலர் எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட அந்நிய ஜாதி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இவ்வபிப்பிராயங்களில் எதையும் இகழும் நோக்கம் எனக்கு இல்லை; ஏனெனில் ஒவ்வொன்றிலும் கூர்ந்து பார்த்த கண்ணின் சாட்சியம் சிறிதளவேனும் கலந்திருக்கிறது. ஆயினும் அந்த மீனைக் கும்பிடுவதற்கும், அஞ்சுவதற்கும், விலை பேசுவதற்கும் முன்னே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிறம் மாறியது ஒரு மீனா, குளத்து மீன்கள் அனைத்துமா? ஒன்றேயானால் காரணத்தைப் பெரும்பாலும் அதன் சரீரத்திலே தேட வேண்டும். எல்லாமானால் நீரிலும் ஆகாரத்திலும் தேட வேண்டும். இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று மாலை நான் சொல்லவிருக்கும் மற்ற விஷயங்கள் தாமே தத்தம் இடத்தில் வந்து அமையும்.

முதலில், மீனுக்கு நிறம் எவ்வாறு வருகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். நிறம் செதிலில் இருக்கிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். செதிலோ நிறமற்ற, ஒளி ஊடுருவும் மெல்லிய எலும்புத் தகடு. நிறமெல்லாம் அதன் மேலும் கீழும் படர்ந்த தோலிலுள்ள நிற அணுக்களைச் சேர்ந்தது. கறுப்பணுக்களில் மெலனின் என்னும் கருநிறமி இருக்கிறது. மஞ்சளணுக்களிலும் சிவப்பணுக்களிலும் வேறு வகை நிறமிகள் இருக்கின்றன. இவற்றோடு, நிறமியே இல்லாமல், குவானின் என்னும் பொருளின் நுண்ணிய பளிங்குத் தகடுகளை அடுக்கடுக்காகக் கொண்டு, வரும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒளியணுக்களும் உண்டு. மீனின் வயிற்றில் மின்னும் வெள்ளி இந்தத் தகடுகளின் வேலையே. பிரான்ஸ் தேசத்தில் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆற்று மீனின் செதிலிலிருந்து இப்பொருளைச் சுரண்டியெடுத்துக் கண்ணாடி மணிகளுக்குள் பூசிப் போலி முத்துக்கள் செய்தார்கள் என்றால், அதன் ஒளியின் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வணுக்களை நேரிற் காண விரும்புவோர் கல்லூரிகளில் செய்து காட்டப்படும் ஓர் எளிய பரிசோதனையைச் செய்து பார்க்கலாம். உயிருள்ள கெண்டையின் முதுகிலிருந்து ஒரு செதிலை இடுக்கியால் மெல்ல எடுத்து, இரத்தத்தின் உவர்ப்புக்கு இசைந்த உப்பு நீரில் நனைத்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்தால், பல கிளைகள் விட்ட கரிய நட்சத்திரங்கள் செதில் முழுவதும் சிதறிக் கிடப்பது தெரியும். அந்நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரை ஒரு துளி விட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்துப் பார்த்தால், களத்தில் பரப்பியிருந்த நெல்லை நடுவே குவித்ததைப் போல, கிளைகளில் பரவியிருந்த கருந்துகள்களெல்லாம் அணுவின் மையத்திற்கு வந்து ஒரு புள்ளியாய்த் திரண்டுவிடும். செதில் வெளுத்துப் போகும். மீண்டும் பழைய உப்பு நீரை விட்டால் துகள்கள் மறுபடியும் கிளைகளில் பரவும், செதில் கறுக்கும். நிறமியின் அளவு சிறிதும் கூடவில்லை, குறையவும் இல்லை. அது இருக்கும் இடம் மட்டுமே மாறியது. உயிருள்ள மீனில் இதே காரியத்தை நரம்புகளும் இரத்தத்தில் சுரக்கும் ரசங்களும் நொடிதோறும் நடத்திக்கொண்டிருக்கின்றன. இவ்வாறு நிமிஷத்தில் தோன்றி நிமிஷத்தில் மறையும் மாறுதல் ஒரு வகை. நிற அணுக்களின் எண்ணிக்கையே வாரக்கணக்கில் பெருகியோ தேய்ந்தோ உண்டாகும் மாறுதல் மற்றொரு வகை. இரண்டையும் பிரித்தறியாதவர் குளத்தைப் பற்றிச் சொல்லும் முடிவுகள் பெரும்பாலும் பிழையாகவே போகும்.

நீல நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பெரும்பாலான மீன்களின் உடலில் நீல நிறமி என்பதே கிடையாது. ஒளியணுக்கள் திருப்பியனுப்பும் ஒளி, கீழே கறுப்பணுக்கள் அடர்ந்திருக்குமிடத்தில் நீலமாகத் தோன்றுகிறது; அதன் மேல் மஞ்சளணுக்கள் படர்ந்திருந்தால் பச்சையாகத் தோன்றுகிறது. ஆகவே பசுமை கலந்த மீன்களின் கூட்டத்தில் ஒரு நீல மீன் காணப்பட்டால், அதற்குப் புதிதாக ஏதோ நிறம் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாகாது. மஞ்சளை இழந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பொன்னிறமும் இப்படித்தான்: கறுப்பு விலகியதனால் அடியில் எப்போதும் இருந்துவந்த மஞ்சளும் சிவப்பும் வெளிப்பட்டன. கறுப்போடு மஞ்சளும் சிவப்பும் விலகினால் வெண்மை மிஞ்சும். கண்ணின் கருமையுங்கூட இல்லாமல் அது செந்நிறமாகத் தெரிந்தால், மெலனினை உண்டாக்கும் சக்தியே பிறவியில் அற்றுப்போன மீன் என்று அறியலாம்.

இனி, பிறவியில் வரும் நிறபேதத்துக்கு வருகிறேன். இதில் என் மனம் அதிகம் ஈடுபடுவதை மறைக்க வேண்டியதில்லை. உலகத்தில் மிகுந்த பொறுமையோடு ஆராயப்பட்ட குளத்து மீன் ஒன்றின் சரித்திரம் இதில் அடங்கியிருக்கிறது. நாம் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் தங்கமீனின் மூதாதை, சீனத்து ஆறுகளிலும் குட்டைகளிலும் வாழ்ந்த, பார்வைக்குச் சிறிதும் கவர்ச்சியில்லாத ஒரு பழுப்பு நிறக் கெண்டை. அவற்றுள் எப்போதாவது ஒன்று பொன்னிறமாகப் பிறக்கும். திறந்த நீரில் அத்தகைய குஞ்சின் ஆயுள் மிகக் குறைவு. மேலே பறக்கும் மீன்கொத்தியின் கண்ணுக்கு அதுவே முதலில் படும். ஆனால் சுங் வமிசத்து அரசர்கள் ஆண்ட காலத்தில், ஹாங்சௌ முதலிய ஊர்களில் பௌத்த மடங்களை அடுத்துத் தர்மக் குளங்கள் இருந்தன. பிடிபட்ட பிராணிகளை விலை கொடுத்து மீட்டு, அக்குளங்களில் உயிரோடு விடுவது புண்ணியம் என்று மக்கள் நம்பினார்கள். அபூர்வ நிறமுள்ள மீனை விடுவது சிறப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். அங்கே வலை வீசுவார் இல்லை. கையால் இரை கொடுப்பார் உண்டு. பொன் மீன் பொன் மீனோடு கூடி முட்டையிடும் வாய்ப்பு இயற்கையில் அரிதாகவும் அக்குளத்தில் எளிதாகவும் இருந்தது. பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரண்மனைத் தோட்டங்களிலும், 1368-ல் தொடங்கிய மிங் வமிசத்தின் காலத்தில் வீடுகளிலும் ஜாடிகளிலும் அவை வளர்க்கப்பட்டன. ஜீவகாருண்யத்தின் பேரில் வெட்டிய குளம் ஒரு புதிய ஜீவராசிக்குத் தொட்டிலாயிற்று. நம் கோயில் தெப்பக்குளங்களிலும் மீன் பிடிக்கலாகாது என்ற கட்டுப்பாடும் பொரி இறைக்கும் வழக்கமும் இருப்பதால், நிறம் மாறிய மீன் அங்கே நீண்ட நாள் உயிரோடிருந்து கண்ணில் படுவதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

இந்தச் சரித்திரத்தையும், தங்கமீனின் நிறம் சந்ததியில் இறங்கும் விதத்தையும் ஆராய்ந்து உலகுக்கு வெளியிட்டவர் சென் ஜென் என்னும் சீன அறிஞர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில், பழ ஈக்களைக் கொண்டு பரம்பரைச் சாஸ்திரத்தை வளர்த்த மார்கனிடம் பயின்றவர் அவர். தாயகம் திரும்பியதும் ஈயை விட்டுவிட்டுத் தம் நாட்டு மீனையே எடுத்துக்கொண்டார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்நிய தேசத்தில் கற்ற முறையைத் தம் வீட்டு வாசலில் இருந்த பொருளின் மீது செலுத்தும் துணிவு எல்லாக் கல்விமான்களுக்கும் வாய்ப்பதில்லை. 1928-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, பல வர்ணங்கள் திட்டுத்திட்டாகக் கலந்த புள்ளித் தங்கமீனைப் பற்றியது. இவ்வகையை வளர்ப்போருக்கு, புள்ளி மீனைப் புள்ளி மீனோடு சேர்த்தாலும் குஞ்சுகள் அனைத்தும் புள்ளியாகப் பிறப்பதில்லையே என்பது தீராத குறை. சென் ஜென் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெள்ளிப் பளபளப்புள்ள சாதாரண மீனாகவும், ஒரு பங்கு உட்புறம் தெரியும் பளபளப்பற்ற மீனாகவும், மீதி இரண்டு பங்கு புள்ளி மீனாகவும் இருந்தன. பளபளப்பற்ற மீனையும் சாதாரண மீனையும் சேர்த்தாலோ குஞ்சுகள் எல்லாமே புள்ளி மீன்கள்! புள்ளி மீன் தனி ஜாதியன்று. இரண்டு பரம்பரைக் காரணிகளில் ஒன்றைத் தந்தையிடமும் மற்றதைத் தாயிடமும் பெற்ற கலப்பு நிலையே அது. எனவே அதைத் தூய வமிசமாக நிலைநிறுத்த எத்தனை தலைமுறை முயன்றாலும் முடியாது.

1934-ல் வெளியான அவருடைய மற்றோர் ஆராய்ச்சி நீலத்தையும் பழுப்பையும் பற்றியது. நீலம் ஒரே ஜோடி ஒடுங்கு காரணியால், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாத காரணியால், வருகிறது. சாதாரண மீனோடு கலந்தால் முதல் தலைமுறையில் முற்றிலும் மறைந்து, அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்றாகத் திரும்புகிறது. பழுப்போ நான்கு ஜோடி ஒடுங்கு காரணிகள் ஒருங்கே கூடினால்தான் வெளிப்படுகிறது. ஆகவே இரண்டாந் தலைமுறையில் 256 குஞ்சுகளுக்கு ஒன்று என்ற வீதத்தில்தான் அது பிறக்கும். தந்தையும் தாயும் பாட்டனும் பாட்டியும் சாதாரண நிறமாயிருக்க, இக்குஞ்சுக்கு மட்டும் இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று வியக்கும் நமக்கு இந்த எண்ணே விடை. அது வெளியிலிருந்து வரவில்லை. பல தலைமுறைகளாக உடல்களுக்குள் ஒடுங்கிக் கிடந்து, ஒரு சேர்க்கையில் வெளிப்பட்டது.

ஒடுங்கிய காரணிகள் தாய்வழி, தந்தைவழி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமைவதற்கு நெருங்கிய உறவினரிடையே சேர்க்கை நிகழ்வது பெரிதும் துணை செய்கிறது. குளம் என்பது கரை கட்டிய சிறு உலகம். கோடையில் வற்றி, மடைக்குழியில் தப்பிய சில மீன்களே அடுத்த மழையில் குளம் முழுவதையும் நிரப்புமானால், அங்கே பிறப்பவை எல்லாம் கிட்டத்தட்ட உடன்பிறப்புக்களே. ஜப்பானில் நீகாட்டாப் பிரதேசத்து மலைக் கிராமங்களில் நடந்ததும் இதுதான். பனி மூடும் அந்த ஊர்களில் குடியானவர்கள் நெல் வயலுக்கு நீர் பாய்ச்சும் குட்டைகளில் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றிடையே சிவப்பும் வெளுப்புமான குஞ்சுகள் தோன்ற, அவற்றை உணவாக்காமல் தனியே வைத்துப் பெருக்கினார்கள். 1914-ல் தோக்கியோ நகரப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகே, இன்று கோய் என்று உலகெங்கும் விலை போகும் அம்மீனை அவர்களுடைய நாட்டாரே அறிந்தார்கள். நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலேப்பியாவுக்கும் இவ்வாறே ஒரு கதை உண்டு: தைவான் தீவில் 1968-ஐ ஒட்டி, செந்நிறமாகப் பிறந்த ஒரு மொசாம்பிக் திலேப்பியாவை நைல் திலேப்பியாவோடு சேர்த்ததிலிருந்துதான் சந்தைக்கு வரும் சிவப்புத் திலேப்பியாவின் ஒரு முக்கிய வமிசம் கிளைத்தது.

ஒரு மீன் மட்டும் வேறுபட்டிருந்தால் பிறவிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. மற்ற மீன்களெல்லாம் இளநிறமாயிருக்க ஒன்று மட்டும் கறுத்து, கரையோரமாகத் தனித்துத் திரிந்தால், அதன் கண்களைப் பாருங்கள். அது பெரும்பாலும் குருட்டு மீனாயிருக்கும். மீன் தன் நிறத்தை அடித்தளத்திற்கு இசைய மாற்றிக்கொள்வது கண் வழியாகவே: மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து திரும்பும் ஒளியையும் அது ஒப்பிடுகிறது; பார்வை போனபின் தரையின் வெளிச்சம் அதற்குத் தெரிவதில்லையாதலால், கருந்தரையில் இருப்பதாகவே உடல் நடந்துகொள்கிறது. தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ், இளமையில் தொடங்கியது இந்த ஆராய்ச்சியில்தான். கண்ணற்ற சிறு ஆற்று மீன்களும், உச்சந்தலையின் ஓர் இடத்தில் ஒளி படுவதையும் மறைவதையும் உணர்ந்து நிறம் மாறுகின்றன என்று 1911-ல் அவர் காட்டினார். இதைப் போலவே, ஐரோப்பாவின் டிரௌட் மீன் பண்ணைகளில் குஞ்சுகளின் வால்புறம் மட்டும் கறுத்துப்போகும் ஒரு நோய் உண்டு. நுண்ணிய ஒட்டுண்ணி குருத்தெலும்பைத் தாக்க, நிற அணுக்களை ஆளும் நரம்புகள் பழுதுபட்டு, ஆணை சென்றெட்டாத பின்பாதி கருமையிலேயே நின்றுவிடுகிறது.

ஆண் மொசாம்பிக் திலேப்பியாவையும் மறக்கலாகாது. முட்டையிடும் பருவத்தில் அது குழி தோண்டிக் காவல் நிற்கும்போது உடல் முழுக் கறுப்பாகவும், கீழ்த்தாடை வெண்மையாகவும், துடுப்பின் விளிம்பு சிவப்பாகவும் மாறிவிடுகிறது. மற்றோர் ஆணிடம் தோற்றால் அதே மீன் விரைவில் வெளுத்துவிடுகிறது. இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

குளம் முழுவதும் நிறம் மாறுவதற்கான காரணங்கள் எளியவை. சேறு கலங்கிய நீரில் மீன் வெளுக்கும். தெளிந்த நீரில், கரிய வண்டலின் மேல் கறுக்கும். இது அழகுக்காக ஏற்பட்டதன்று என்பதை அமெரிக்காவில் பிரான்சிஸ் சம்னர் 1934-ல் வெளியிட்ட சோதனை காட்டியது. கொசுப் புழுவை உண்ணும் காம்பூசியா மீன்களைச் சில வாரங்கள் கறுப்புத் தொட்டியிலும் வெள்ளைத் தொட்டியிலும் தனித்தனியே வைத்து, பின்பு இரண்டையும் கலந்து ஒரே தொட்டியில் விட்டு, மீன் தின்னும் பென்குவின் பறவைகளை இறக்கினார். தரையின் நிறத்தோடு பொருந்தாத மீன்களே அதிகமாகப் பறிபோயின.

ஆகாரமும் அவ்வாறே. கரோட்டினாய்டு எனப்படும் மஞ்சள் சிவப்பு நிறமிகளை எந்த மீனும் தானாக உண்டாக்க வல்லதன்று. பாசியிலிருந்தும், பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகளிலிருந்தும்தான் பெற வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் மாத்திரம் போட்டு, பாசி பிடிக்காத சிமெண்டுத் தொட்டியில் வளர்த்தால், எவ்வளவு உயர்ந்த வமிசத்துத் தங்கமீனும் சாயம் போய்விடும். அலங்கார மீன் வளர்ப்போர் ஸ்பைருலினாப் பாசியையும் உலர்ந்த செண்டுமல்லி இதழையும் தீனியில் கலப்பது இதற்காகவே.

நோயினால் வரும் நிறங்களில் சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன். கட்லா, ரோகு முதலியவற்றின் மேல் மிளகினும் சிறிய கரும்புள்ளிகள் தோன்றினால், தொட்டுப் பாருங்கள். சிறிது மேடாக இருக்கும். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு புழுவின் இளம்பருவம் உறையிட்டுக் கிடக்கிறது. மீனின் உடல் அதைச் சுற்றிக் கருநிறமியைக் குவித்திருக்கிறது. அப்புழு கொக்கு, நாரை போன்ற பறவையின் குடலில் முட்டையிட்டு, நத்தைக்குள் வளர்ந்து, பின்பு மீனுக்குள் புகுவது. ஆகவே பரிகாரம் மீனிடம் இல்லை. நத்தையைக் குறைப்பதில் இருக்கிறது. தங்கமீனின் உடலில் திடீரென்று கரும்படலம் படர்ந்தால், பெரும்பாலும் அது ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் அடையாளம். அமோனியா மிகுந்த நீரில் தோல் வெந்து, நீரை மாற்றிய பிறகு இது தோன்றும். செவுள் சிவப்பு மாறிக் காப்பித்தூளின் நிறமானால் நீரில் நைட்ரைட்டு ஏறியிருக்கிறது. செந்தழும்பும் குழிப்புண்ணுமாக விரால், குறவை, கெளுத்தி இவை ஒருங்கே பாதிக்கப்பட்டால் அது வேறு. 1988-ல் இந்தியாவினுள் நுழைந்து குளத்து மீன்களைப் பேரளவில் அழித்த பூஞ்சை வகை நோய் அது. அப்போது காலம் தாழ்த்தாமல் மீன்வளத் துறையாருக்கு அறிவிக்க வேண்டும்.

இறுதியாக, வலையில் அகப்பட்ட அந்த ஒற்றைப் பொன் கெண்டையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில், வலையில் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள். பிடிபட்ட அச்சத்திலேயே மீன் வெளுக்கும். அதே குளத்துச் சாதாரண மீன்கள் சிலவற்றுடன் ஒரு தொட்டியில் விட்டு, ஒரே தீனி கொடுத்துச் சில வாரங்கள் பாருங்கள். எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தால் காரணம் நீர். அது மட்டும் பொன்னாகவே நின்றால் காரணம் பெரும்பாலும் பிறவி. அதைக் குளத்தில் திரும்ப விட்டால் பறவைக்கு இரையாகும். தப்பினாலும், ஏரியில் விடப்பட்ட தங்கமீன்களின் வமிசமே சில தலைமுறைகளில் பழுப்புக்குத் திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம். வைத்துப் பெருக்க விரும்பினால், சாதாரண நிறமுள்ள துணை ஒன்றைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் பழுப்பாக இருக்கலாம். ஏமாற்றத்தில் அவற்றைக் கொட்டிவிடுவதுதான் வளர்ப்போர் வழக்கமாகச் செய்வது. கொட்டாதீர்கள். இஸ்ரேல் நாட்டுப் பண்ணைக் கெண்டைகளில் பொன்னிறமும் நீலமும் ஒரே ஜோடி ஒடுங்கு காரணியால் வருவன என்று கண்டிருக்கிறார்கள். அப்பழுப்புக் குஞ்சுகளையே பருவம் வரும்வரை வளர்த்து, அவற்றுக்குள்ளேயே சேர்த்து, அடுத்த ஈட்டின் குஞ்சுகளை நிறம் தெளியும் வரை பொறுத்திருந்து எண்ணுங்கள். நாலுக்கு ஒன்று பொன்னானால் காரணி ஒரு ஜோடி. பதினாறுக்கு ஒன்றானால் இரண்டு ஜோடி. எதுவும் தோன்றவில்லையென்றால், எண்ணிய குஞ்சுகள் போதவில்லையா, அல்லது அம்மீனின் நிறம் பிறவியில் வந்ததே அன்றா என்று, மேலும் ஓர் ஈடு எடுத்து, மறுபடியும் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.